பையருக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற ஆறுதல்

திருப்பூரில் ஒரு பெண்ணோ பையனோ ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயினுக்குப் போகப் போவதாக வீட்டில் சொன்னால், பெரியவர்களிடமிருந்து வரும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். “பையருக்குத்தான் இங்கிலீஷ் தெரியுதுங்களே, அப்புறம் எதுக்குங்க அந்தப் பாஷை?” அதோடு இன்னும் சில சேரும். நாலு மாசம் மெர்ச்சண்டைசர் பக்கத்தில் உட்கார்ந்தால் தொழில் வந்துவிடும். மொழிபெயர்க்கத்தான் போன் இருக்கிறது. அவ்வளவு பணத்தைக் கொட்டி அனுப்பினால் பிள்ளை அங்கேயே தங்கிவிடும். படிக்காதவர்கள் கட்டிய ஊர் இது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் இங்கே என்ன செய்துவிட்டார்கள்?

இதைச் சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. கட்டிங் டேபிளில் துணி விரித்து, பவர் டேபிள் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்து, கடைசியில் கம்பெனி கண்டவர்கள். அவர்கள் உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனாலேயே அவர்கள் சொல்வதை ஒதுக்கிவிட்டுப் போகாமல், ஒவ்வொன்றாக எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கருத்து தவறு. அதற்கான நஷ்டத்தை ஊர் ஒவ்வொரு ஆர்டரிலும் கட்டிக்கொண்டிருக்கிறது.

முதல் சாட்சி காதர்பேட்டை. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அந்தச் சந்துகளில், எக்ஸ்போர்ட் சர்பிளஸும் செகண்ட்ஸும் உள்ளூர் பனியனும் லாட் லாட்டாகக் கைமாறுகின்றன. அங்கே கடை வைத்திருக்கும் தமிழர் டெல்லிப் பார்ட்டியிடம் இந்தியில் பேசுகிறார், கேரளப் பார்ட்டியிடம் மலையாளத்தில் பேசுகிறார். நைஜீரியாவிலிருந்து வந்த வியாபாரிகள் அங்கே ஆண்டுக்கணக்கில் சரக்கு எடுத்தபோது, நம் கடைக்காரர்கள் அவர்களுடைய இங்கிலீஷின் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு அதிலேயே விலை பேசினார்கள். இந்தியை எதிர்த்துப் போராடிய மாநிலத்தில், யாரும் திணிக்காமல், கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே அந்த மொழியைக் கற்றுக்கொண்டவர்கள் இவர்கள். பார்ட்டியின் மொழி தெரிந்த கடைக்காரர் நேராக விற்கிறார். தெரியாதவர் புரோக்கரை நடுவில் வைத்து, அவருக்கொரு பங்கு கொடுத்து விற்கிறார். சந்தில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். கப்பலேறும் சரக்குக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது என்று எப்படி முடிவு கட்டினோம்?

இரண்டாவது சாட்சி நம் ஏற்றுமதியின் கதை. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் பம்பாய் ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூருக்கு வந்து வெள்ளை டி-ஷர்ட் எடுத்ததைத்தான் தொடக்கமாக ஊரே சொல்கிறது. அதற்குப் பின் 1981-இல் சி அண்ட் ஏ வந்தது. அந்தக் காலத்தில் பின்னியதும் தைத்ததும் நாம்; வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதியதும் எல்.சி. வாங்கியதும் பம்பாய்க்காரர்கள். அவர்களுக்குத் துணி தெரியாது, இங்கிலீஷும் கப்பல் காகிதமும் தெரியும். அந்த அறிவுக்கான விலையைத் துணிக்காரர்கள் கட்டினார்கள். நாமே கடிதம் எழுதக் கற்றுக்கொண்டு நேரடி ஏற்றுமதியில் இறங்கிய பிறகுதான் ஊர் எழுந்தது. 1985-இல் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி இன்று 40,000 கோடி ரூபாய் அளவுக்கு வந்திருக்கிறது. 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானபோது, பம்பாய் வழியாகப் போன கடிதங்கள் அவிநாசி ரோட்டிலிருந்தே போய்க்கொண்டிருந்தன. ஆக, படிக்காதவர்கள் கட்டிய ஊர் என்பது பாதிக் கதைதான். புது மொழியையும் புதுக் காகிதத்தையும் வெட்கப்படாமல் கற்றுக்கொண்டவர்கள் கட்டிய ஊர் இது. அப்போது அந்த மொழி இங்கிலீஷாக இருந்தது. அதோடு கற்பது முடிந்துவிட்டது என்று யார் சொன்னது?

பையருக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது உண்மைதான். கலீசியாவின் அர்தெய்ஹோவில் இருக்கும் இன்டிடெக்ஸ், பார்சிலோனா பக்கத்து மாங்கோ போன்ற பெரிய நிறுவனங்களிலிருந்து டெக் பேக்கும் மெயிலும் இங்கிலீஷில்தான் வருகின்றன. நம் மெர்ச்சண்டைசர்கள் அதை நன்றாகவே சமாளிக்கிறார்கள். ஆனால் இங்கிலீஷில் நமக்கு வருவது முடிவு. இந்த விலைக்கு முடியுமா, இந்தத் தேதிக்குள் முடியுமா என்ற கேள்வி மட்டுமே வருகிறது. அந்த விலையை எங்கே வைப்பது, இந்த ஸ்டைலைத் துருக்கிக்குக் கொடுப்பதா இந்தியாவுக்குக் கொடுப்பதா, எந்தச் சப்ளையரை அடுத்த சீசனில் குறைப்பது என்றெல்லாம் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அவர்கள் மொழியில். ஷோரூமில் நம் சாம்பிளைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பையர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் நாலு வார்த்தை, பிறகு நமக்கு வரும் நாற்பது மெயிலைவிட முக்கியமானது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்கிற ஒருவர் நம் பக்கம் உட்கார்ந்திருந்தால் பேரம் வேறு மாதிரி போகும்.

அதைவிடப் பெரிய விஷயம், இங்கிலீஷ் தெரிந்த பையர் என்பவர் அந்த உலகத்தின் மேல் ஏடு மட்டும்தான். ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய 50 கோடிப் பேர். மெக்சிகோ, கொலம்பியா, பெரு, சிலி, அர்ஜென்டினா என்று இருபது நாடுகளில் அது அரசு மொழி. அமெரிக்காவிலேயே 4 கோடிப் பேருக்கு மேல் வீட்டில் பேசுகிறார்கள். அந்த நாடுகளில் பத்துக் கடை, இருபது கடை வைத்திருக்கும் நடுத்தர வியாபாரிகளும், மொத்தச் சந்தைக்காரர்களும் ஏராளம். அவர்களில் பலர் இங்கிலீஷில் மெயில் எழுதமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் ஸ்பானிஷில் பேசி அனுப்புவார்கள். பெரிய பிராண்டுக்கு ஒரு லட்சம் பீஸ் கொடுக்கத் திருப்பூரில் சில நூறு கம்பெனிகளால் முடியலாம். மூவாயிரம், ஐயாயிரம் பீஸ் கேட்கும் அந்த வியாபாரிக்குக் கொடுக்க நம் ஊரின் சின்ன யூனிட்டுகள் அத்தனையாலும் முடியும். இரண்டு பக்கமும் ஆள் இருந்தும் நடுவில் பேச்சு இல்லை.

அந்த இடத்தில் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. சிந்து மாகாணத்து ஹைதராபாத்திலிருந்து கிளம்பிய சிந்தி வியாபாரிகள், நூறு வருடங்களுக்கு முன்பே ஸ்பெயினைச் சேர்ந்த டெனரீஃபிலும் லாஸ் பல்மாஸிலும், பனாமாவிலும் கடை போட்டுவிட்டார்கள். வரலாற்றாசிரியர் க்ளோட் மார்க்கோவிட்ஸ் அவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். கரீபியக் கடலோரத்தில் 1948-இல் தொடங்கிய பனாமாவின் கொலோன் சுதந்திர வர்த்தக மண்டலத்தில் இன்றைக்கும் இந்திய வியாபாரிகள் இருக்கிறார்கள், ஸ்பானிஷில் வியாபாரம் செய்கிறார்கள். சிலியின் இகீக்கே துறைமுகத்தில் 1975-இல் தொடங்கிய மண்டலம் இன்னொன்று. பின்னாளில் பிரிவினையில் நாடிழந்த சமூகம் ஒன்று போய் உட்கார்ந்து கற்றுக்கொண்ட மொழி அது. சொந்த ஊரும் சொந்த ஆலையும் வைத்திருக்கும் நமக்கு அது வேண்டாதது ஆகிவிட்டதா?

2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்காவின் 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்தபோது ஊரில் எல்லோரும் சொன்னது, “வேற மார்க்கெட் பாக்கணும்” என்பதுதான். மார்க்கெட் பார்ப்பது என்றால் என்ன? கண்காட்சிக்குப் போய் ஸ்டால் போட்டு விசிட்டிங் கார்டு வாங்கி வருவது பார்ப்பதில் சேர்த்தி இல்லை. மெக்சிகோவை எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 19-இல் அந்த நாட்டு அரசிதழில் ஓர் ஆணை வந்தது. வர்த்தக ஒப்பந்தம் இல்லாத நாடுகளிலிருந்து வரும் தைத்த ஆடைகளுக்கு 35 சதவீத வரி. இந்தியாவுக்கும் அது பொருந்தியது. அந்த ஆணையின் சாரம் இங்கிலீஷ் செய்தியாக வரத்தான் செய்யும். எந்தெந்தக் குறியீட்டு எண்ணுக்கு வரி, எதற்கு விலக்கு, அங்கே தைத்து மறு ஏற்றுமதி செய்பவருக்கு என்ன சலுகை என்கிற பகுதி முழுக்க ஸ்பானிஷ். வியாபாரம் இருப்பது அந்தப் பகுதியில்தான். முடிந்த ஆடைக்குக் கதவு சாத்தினால் துணியாக அனுப்ப வழி இருக்கிறதா என்று மூலத்தையே படித்துப் பார்க்கிறவருக்கும், ஏஜென்ட் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுகிறவருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரு சீசன் ஆர்டர்.

சீசன் என்றதும் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. நம் ஊர் ஐரோப்பியக் கோடைக்காகவே உழைக்கும் ஊர். அந்தக் கோடைச் சரக்கு போய் முடிந்ததும் பல யூனிட்டுகளில் மெஷின் பாதி நாள் சும்மா இருக்கும். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரும் கைமடிப் பெண்களும் வேலை தேடி அலைவார்கள். சிலியிலும் அர்ஜென்டினாவிலும் கோடை வருவது டிசம்பரில். அவர்களுக்கான டி-ஷர்ட் ஆகஸ்ட், செப்டம்பரில் கப்பலேற வேண்டும். நமக்கு வேலை குறையும் காலமும் அவர்களுக்குச் சரக்கு தேவைப்படும் காலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சிலியில் பொதுவான இறக்குமதி வரியே 6 சதவீதம்தான். இதெல்லாம் எவருக்கும் கிடைக்கும் விவரம். ஆனாலும் சந்தியாகோவில் ஒரு வருடம் வாழ்ந்து, டிசம்பர் வெயிலில் கடைத்தெருவில் நடந்து, எந்தத் துணியை மக்கள் தொட்டுப் பார்க்கிறார்கள் என்று கவனித்துவிட்டு வந்த ஒரு இருபத்திமூன்று வயதுக்காரர் கம்பெனியில் இருந்தால் மட்டுமே இந்த விவரம் ஆர்டராக மாறும்.

வெளிநாட்டுப் படிப்பை விற்கும் ஏஜென்ட்டுகள் “பரந்த பார்வை” என்று ஒன்றை விளம்பரத்தில் போடுகிறார்கள். அவர்கள் சொல்வதை நான் வழிமொழியவில்லை. கண்ணாடிக் கட்டிடத்தில் நடக்கும் எம்.பி.ஏ. வகுப்பில், பல லட்ச ரூபாய்க்கு, இங்கிலீஷிலேயே படித்து, நம் ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே அறையில் தங்கி, ஸ்பானிஷில் காபி கேட்க மட்டும் தெரிந்துகொண்டு திரும்பும் படிப்பு வீண்தான். அந்த அளவில் பெரியவர்கள் சொல்வது சரி. நான் சொல்லும் பார்வை வேறு. பார்சிலோனாவிலிருந்து கடலோரமாக ரயிலில் போனால் மத்தரோ என்ற ஊர் வரும். ஒரு காலத்தில் ஸ்பெயினின் பின்னலாடை ஊர்களில் முக்கியமானது. நம்மைப் போலவே நிட்டிங் மெஷின் சத்தத்தில் வாழ்ந்த ஊர். அங்கே கான் மார்ஃபா என்ற பழைய ஆலைக் கட்டிடம் இப்போது பின்னலாடை அருங்காட்சியகமாக இருக்கிறது. நம் ஊரில் ஓடும் மெஷின்களின் மூதாதைகள் அங்கே காட்சிக்கு நிற்கின்றன. திருப்பூர்ப் பிள்ளை ஒருவர் அந்த மெஷின்களுக்கு முன்னால் நின்று, இந்த ஊரின் வேலை எங்கே போயிற்று, ஏன் போயிற்று என்று அந்த ஊர்க்காரர்களிடமே அவர்கள் மொழியில் கேட்க வேண்டும். வேலை போன இடங்களில் ஒன்று தன் சொந்த ஊர் என்பது அவருக்குப் புரியும். நாளைக்கு இங்கிருந்தும் அது போகலாம் என்பதும் புரியும். இந்தப் பாடம் கட்டிங் டேபிளில் கிடைக்காது.

அதே நாட்டின் இன்னொரு மூலையில், பின்னாளில் இன்டிடெக்ஸை நிறுவிய அமான்சியோ ஒர்த்தேகா 1963-இல் குளியல் அங்கி தைக்கும் சின்னப் பட்டறை வைத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் தைத்தார்கள். நம் பவர் டேபிள்காரர் யாரோடும் ஒப்பிடக்கூடிய தொடக்கம். 1975-இல் லா கொருன்யாவில் ஸாரா என்ற கடையைத் திறந்தார். தைத்துக் கொடுப்பவர் விற்கவும் தொடங்கினார். 2024 நிதியாண்டில் இன்டிடெக்ஸின் விற்பனை 3,863 கோடி யூரோ. அதில் மொத்த லாப விகிதம் ஏறக்குறைய 58 சதவீதம். அதாவது 100 யூரோவுக்கு விற்ற சரக்கின் அடக்கம் 42 யூரோ. அந்த 42-க்குள்தான் துருக்கியும் மொராக்கோவும் வங்கதேசமும் நாமும் இருக்கிறோம். அந்த நாட்டில் வாழ்ந்து, நாம் பேக் செய்த டி-ஷர்ட்டின் விலைச் சீட்டைக் கடையில் கையால் திருப்பிப் பார்க்கும் பிள்ளை, ஒரு பீஸுக்கு ஐம்பது காசு குறைத்துத் தரச் சொல்லும் மெயிலை அதற்குப் பிறகு வேறு கண்ணால் படிப்பார்.

நம்மைப் பற்றி அங்கே என்ன பேசுகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. கல்யாணச் செலவுக்குப் பணம் தருவதாகச் சொல்லி இளம் பெண்களை ஆலைகளில் ஒப்பந்தத்தில் கட்டிப்போட்ட சுமங்கலித் திட்டத்தைப் பற்றி 2011-இல் வெளிவந்த ஆய்வறிக்கை ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. ஸ்பெயினில் ‘ரோப்பா லிம்பியா’ இயக்கம் ஆடைத் தொழிலாளர் நிலைமை பற்றித் தொடர்ந்து எழுதுகிறது. அவர்கள் எழுதியதில் நாம் ஏற்க வேண்டிய உண்மைகள் உண்டு. இளம் பெண்களை அப்படி நடத்தியது தவறு. அதே 2011 ஜனவரியில்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலைக் கெடுத்ததற்கான விலையை ஊர் கட்டியது. அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியேற்றாத முறைக்கு மாறி, சாயநீரைச் சுத்திகரித்துத் திரும்பவும் சாயத்துக்கே பயன்படுத்துகிறோம். இந்த அளவில் இதைச் செய்த ஜவுளி ஊர்கள் உலகத்தில் மிகச் சில. பழைய குற்றம் ஸ்பானிஷில் இருக்கிறது. செய்த திருத்தத்தை ஸ்பானிஷில் சொல்ல ஊரில் ஆள் இல்லை. வலென்சியாவில் சுற்றுச்சூழல் அக்கறையோடு சின்ன பிராண்ட் நடத்தும் ஒருவருக்கு இந்தக் கதையை யார் எடுத்துச் சொல்வது?

போன் சொல்லும் என்பார்கள். போன் மெயிலை மொழிபெயர்க்கும். அது நல்ல உதவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நம் தொழில் கடனில் நடக்கும் தொழில். பார்ட்டி எப்படிப்பட்டவர், சொன்ன தேதிக்குப் பணம் வருமா என்று எடை போடுவதில்தான் பாதி வியாபாரம் இருக்கிறது. காதர்பேட்டையில் முகம் பார்த்து, பேச்சில் தயக்கம் இருக்கிறதா என்று கவனித்து, ஊரில் நாலு பேரிடம் விசாரித்துத்தான் சரக்கை விடுகிறோம். லிமாவில் இருக்கும் பார்ட்டியைப் பற்றி லிமாவில் நாலு பேரிடம் போனில் விசாரிக்க முடிகிற ஒருவர் நம்மிடம் வேண்டும். ஈ.சி.ஜி.சி.யின் ஏற்றுமதிக் காப்பீடு நஷ்டத்தில் ஒரு பகுதியைத் தாங்கும்; ஆளை அறிந்து தராது.

இங்கேயே வகுப்பில் படித்தால் ஆகாதா என்றும் கேட்பார்கள். தொடக்கம் இங்கேயே ஆக வேண்டும். ஆனால் அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், தன் ஊழியர்கள் ஸ்பானிஷில் வேலை பார்க்கும் அளவுக்கு வர 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதுவும் முழுநேரமாகப் படிப்பவர்களுக்கு, இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு. வாரம் இரண்டு மணி நேர வகுப்பில் அதை எட்டுவதற்குள் ஆறேழு வருடம் போய்விடும். ஆர்வம் அதற்கு முன்பே போய்விடும். வாடகை பேசி, பஸ் பிடித்து, டாக்டரிடம் வயிற்று வலியைச் சொல்லி, சண்டையும் போட்டு வாழ்கிற ஒரு வருடத்தில் அது நாக்குக்கு வந்து சேரும்.

செலவு பற்றிய பயம் நியாயமானது. அதற்குப் பதில், இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. தனியார் பிசினஸ் ஸ்கூல் மட்டும்தான் ஸ்பெயின் என்று நினைக்க வேண்டியதில்லை. 1218-இல் தொடங்கிய சலமாங்கா பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகம். அயல்நாட்டவருக்கு ஸ்பானிஷ் கற்பிப்பதில் பெயர் பெற்றது. அந்த ஊர் மத்ரீதையும் பார்சிலோனாவையும் விடச் செலவு குறைந்தது. இறக்குமதி நிட்டிங் மெஷினுக்கு வங்கியில் கடன் கேட்கத் தயங்காத நாம், அந்த மெஷினுக்கு வேலை கொண்டுவரப் போகிறவருக்குச் செலவழிப்பதைத் தண்டச் செலவு என்கிறோம். தாமதமான ஒரு ஷிப்மென்ட்டை விமானத்தில் அனுப்பிய கணக்கை எடுத்து வைத்துப் பாருங்கள். பல கம்பெனிகளில் அந்த ஒரு தடவைச் செலவிலேயே ஒருவரின் படிப்பு முடிந்திருக்கும்.

திரும்பி வரமாட்டார்கள் என்பது கடைசி ஆயுதம். சிலர் வரமாட்டார்கள்தான். பார்சிலோனாவில் ஒரு திருப்பூர்ப் பெண் பையிங் வேலையில் இருந்தால் ஊருக்கு என்ன நஷ்டம்? சிந்திகளின் பலம் முழுக்கத் திரும்பி வராதவர்களால் வந்தது. மறுபக்கம், வந்தே ஆக வேண்டியவர்களையும் அனுப்பலாம். இங்கேதான் நம் ஊரின் பழக்கம் ஒன்று இடறுகிறது. அனுப்புவது என்றால் முதலாளியின் மகனை அனுப்புவது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். ஒரு நாளைக்கு ஐம்பது மெயில் எழுதும் மெர்ச்சண்டைசர் பெண், ஸ்பெக் ஷீட்டை மனப்பாடமாக வைத்திருக்கும் சாம்பிள் பிரிவுக்காரர், டையிங்கும் காம்பாக்டிங்கும் எங்கே தப்பாகும் என்று தெரிந்தவர் போனால்தான், அங்கே பார்க்கிற ஒவ்வொன்றும் இங்கே இருக்கும் ஏதோ ஒன்றோடு உடனே பொருந்தும். துணி தெரியாத பட்டதாரி பத்து மாதத்தில் பார்ப்பதை அவர் பத்து நாளில் பார்த்துவிடுவார். கம்பெனி பாதிச் செலவை ஏற்று, மூன்று வருடம் வேலை பார்ப்பதாக எழுதி வாங்கிக்கொள்ளட்டும். சங்கம் மீதியைக் கடனாகக் கொடுக்கட்டும். மகளை அனுப்பத் தயங்கும் வீடுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கம்பெனிகளின் மெர்ச்சண்டைசிங் அறைகளில் மெயிலும் சாம்பிளும் ஷிப்மென்ட் தேதியுமாக வெளிநாட்டு வியாபாரத்தைப் பெண்கள் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதே வியாபாரத்துக்காக நாலு எல்லை தாண்டிப் போக அவர்களுக்குத் தகுதி இல்லையா?

முதலிபாளையத்தில் ஏற்றுமதியாளர் சங்கத்தின் பின்னலாடைக் கல்லூரி இருக்கிறது. முதல் இரண்டு நிலை ஸ்பானிஷை அங்கேயே தொடங்கலாம். ஹைதராபாத்தின் இங்கிலீஷ் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் டெல்லி ஜே.என்.யு.விலும் ஸ்பானிஷ் படித்து முடித்தவர்கள் உண்டு. சம்பளம் கொடுத்தால் வருவார்கள். டெல்லியில் 2009 முதல் இயங்கும் செர்வான்டெஸ் நிறுவனத்தின் டெலே தேர்வை எழுதித் தேறியவர்களை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். ஊக்கம் இல்லாதவர்கள் செலவு ஏறுவதற்கு முன்பே விலகிவிடுவார்கள். சாயங்கால வகுப்பு என்றால் ஷிப்மென்ட் நேரத்தில் ஒருவரும் வரமாட்டார்கள் என்று இப்போதே சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைக்கலாம்.